உவர்மலைப் பக்கம் சீலிங் அடிக்கப் போகிறவர்கள் ஒருக்கால் இதை வாசியுங்கள்

திருகோணமலையில் உவர்மலை, உப்புவெளி பக்கம் சீலிங் அடிக்க, டிவி சுவர் செய்ய ஆள் தேடுகிறவர்கள் இதை வாசித்துவிட்டு அட்வான்ஸைக் கொடுங்கள். நான் 250,000 ரூபாய் கொடுத்துத்தான் இதையெல்லாம் படித்தேன்.

எங்களுடையது மேல்மாடி வீடு. கீழ் ஹோலில் தரையிலிருந்து மேல் கொங்கிறீட் வரை 8 அடி 9 அங்குலம்தான், அப்பா கட்டின காலத்தில் சீமெந்துக்குக் காசு பார்த்துக் குறைத்துவிட்டார். லண்டனிலிருந்து மச்சான் பிள்ளைகளோடு வருகிறார் என்றதும் ஹோலைக் கொஞ்சம் வடிவாக்குவோம் என்று ஒருவரைக் கூப்பிட்டோம். வந்தவர் போனில் படம் காட்டினார். தாழ்ந்த அறை, நடுச்சுவரில் குளிர்காய்கிற கணப்படுப்பு, சுற்றிவர மஞ்சள் வெளிச்சம், பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. "நுவரெலியாவில் நான் செய்த பங்களா அண்ணை, உங்கட ஹோலும் இதே உயரம்தான், அச்சொட்டாக வரும்" என்றார். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறு இருக்கிறது காணாதா, வீட்டுக்குள்ளும் நெருப்பு வேண்டுமா என்று அம்மா அப்போதே கேட்டார். "அது சும்மா வெளிச்சம் மட்டும்தான் அம்மா, சூடு வராது" என்றார். மொத்தம் 340,000. கடதாசியில் ஒரு வரிகூட எழுதி வாங்கவில்லை, அது என் மடத்தனம்.

ஜிப்சம் சீலிங்கை 9 அங்குலம் இறக்கினார், உயரம் சரியாக 8 அடியாகிவிட்டது. அப்புறம் ஃபேன் தலையில் முட்டும் என்று அதன் கம்பியை வெட்டிக் குட்டையாக்கி, இறக்கை சீலிங்கிலிருந்து நாலு விரல் இடைவெளியில் நிற்கிற மாதிரி மாட்டினார். ஃபேன் மேலேயிருந்து காற்றை இழுத்துத்தான் கீழே தள்ள வேண்டும், மேலே இடமே இல்லாவிட்டால் எதை இழுக்கும்? ஐந்தில் விட்டாலும் சத்தம்தான், காற்று இல்லை. ஆடி வெயிலில் அந்த ஹோலில் அரை மணித்தியாலம் இருக்க முடியவில்லை.

லைட் அதைவிடக் கொடுமை. நடுவிலிருந்து இரண்டு அடி தள்ளி நாலு டவுன்லைட் பதித்திருந்தார். எங்கள் ஃபேன் 56 அங்குலம், அதாவது நடுவிலிருந்து 28 அங்குலத்துக்கு இறக்கை சுற்றும். நாலு லைட்டும் இறக்கைக்கு நேர் மேலே. இரவு இரண்டையும் போட்டால் முழு ஹோலும் படபடவென்று வெட்டி வெட்டி அடிக்கும். அம்மா பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, தனக்குத்தான் தலைசுற்று வந்துவிட்டது என்று நினைத்து பிரஷர் குளிசையைத் தேடினார். ஃபேனை நிறுத்தினதும் எழுத்து அசையாமல் நின்றது. வெளிச்சம் வேண்டுமென்றால் வியர்க்க வேண்டும், காற்று வேண்டுமென்றால் இருட்டில் இருக்க வேண்டும், இதுதான் எங்கள் நிலைமை.

கணப்படுப்பு என்று வந்தது ஒரு மின்சாரப் பெட்டி. உள்ளே எல்ஈடியும், மினுக்குத் தகடு ஒட்டின ஒரு தண்டும். தண்டு கர்ர் என்று சுற்ற, பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் நெருப்பு மாதிரி ஆடும். அதுவரை பரவாயில்லை. ஆனால் பெட்டிக்குப் பின்னால் 1800 வாட் என்று எழுதியிருந்தது. சூடு வராது என்ற பெட்டிக்குள் ஹீட்டர்! அதை அவர் பக்கத்திலிருந்த 5 அம்பியர் வட்டப் பின் பிளக்கில் கொடுத்திருந்தார். 230 வோல்ட்டில் அது தாங்குவது 1150 வாட்தான். மச்சானின் சின்னவன் ரிமோட்டை நோண்ட ஹீட்டர் வேலை செய்திருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. மீன் பொரிக்கிற மணத்துக்கு நடுவே பிளாஸ்டிக் கருகுகிற நாற்றம் வந்த பிறகுதான் ஓடிப் போய்ப் பார்த்தோம். பிளக் கபில நிறமாகி ஒரு பக்கம் உருகியிருந்தது. கொஞ்சம் பிந்தியிருந்தால் திரைச்சீலை பிடித்திருக்கும்.

மச்சான் சொன்னதைக் கேட்டால் அழுவதா சிரிப்பதா தெரியாது. அவர் இருக்கிற பழைய வீட்டில் உண்மையான அடுப்பு, புகைபோக்கியெல்லாம் இருக்கிறதாம். அங்கே கூரை பதிவாக இருப்பது சூடு வெளியே போகாமல் தங்குவதற்கு வசதியாம். சீலிங்கில் ஒரு லைட்கூட அவர்கள் பதிக்கவில்லை, அடுப்புக்கு இரு பக்கமும் உள்ள குழிவில் மேசை விளக்கு, மூலையில் நிற்கிற விளக்கு, அவ்வளவுதான். தாழ்ந்த அறையில் சீலிங்கிலிருந்து கீழே மட்டும் வெளிச்சம் அடித்தால் சீலிங் இருண்டு இன்னும் பதிந்து வந்த மாதிரி இருக்கும், மேல்நோக்கி அடித்தால்தான் உயர்ந்து தெரியும் என்றார். அந்த நுவரெலியாப் படத்தையும் கூகிளில் போட்டுத் தேடித் தந்தார். வெளிநாட்டு வீடு ஒன்று!

பிறகு பாலையூற்றிலிருந்து என்.வி.கியூ. என்கிற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் உள்ள ஒரு தம்பியைக் கூப்பிட்டு சீலிங்கைத் திறந்தோம். வயர்கள் குழாய் இல்லாமல் ஜிப்சத்தின் மேலே சும்மா கிடந்தன. இணைப்பெல்லாம் கையால் முறுக்கி டேப் சுற்றியது. கடல் காற்றுக்கு ஸ்குரூ தலைகள் இப்போதே துருப்பிடித்து வெள்ளைப் பெயின்டில் கபிலப் பொட்டு பொட்டாகத் தெரிய ஆரம்பித்துவிட்டன. "சீலிங் மூடினதும் இரண்டாவது பணம்" என்று அந்த ஆள் ஏன் அவ்வளவு அவசரப்பட்டார் என்பது அப்போதுதான் விளங்கியது. மூடுவதற்கு முன் ஏணியில் ஏறிப் பார்த்து, வயரைப் படம் எடுத்துவிட்டுத்தான் காசைக் கொடுங்கள். வீட்டில் ஃபேன் இருந்தால் இறக்கை நுனியிலிருந்து லைட் எவ்வளவு தூரம் என்று டேப் பிடித்து அளந்து காட்டச் சொல்லுங்கள்.

இப்போது நடுச் சீலிங்கை வெட்டி எடுத்து ஃபேனைப் பழைய கொங்கிறீட் கொக்கியிலேயே மாட்டிவிட்டோம். ஓரத்தில் மட்டும் ஜிப்சம் நிற்கிறது. சுவரில் மேல்நோக்கி அடிக்கிற இரண்டு விளக்கு, 3000 கெல்வின் (மஞ்சள் கலந்த வெளிச்சம்), மூலையில் ஒரு நிற்கும் விளக்கு. இதற்கு வேறாக 62,000 போனது. கணப்படுப்புப் பெட்டியைக் கழற்றினோம், அந்தக் குழிக்குள் இப்போது பூனை படுக்கிறது.

போனை எடுக்காத அந்த ஆள் மீதி 90,000 எப்போது தருவீர்கள் என்று வாட்ஸ்அப்பில் மட்டும் தவறாமல் கேட்கிறார். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கதைத்திருக்கிறேன், உருகின பிளக்கையும் படங்களையும் எடுத்துக்கொண்டு மத்தியஸ்த சபைக்கும் போகிறேன். அவரிடம் இதே கணப்படுப்புப் படத்தைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே போவோம்.