படகை விட்டு இறங்கினால் ஒரே நாள்: ஜார்ஜ் டவுனா, பினாங்கு மலையா?

மலேசியாவின் பினாங்குத் தீவுக்குப் பாய்மரப் படகில் வரும் தம்பதிகள் பலருக்கு இந்தக் குழப்பம் உண்டு.

செலவு: தீவின் நகரமான ஜார்ஜ் டவுனில் நடக்கக் காசு வேண்டாம், நகருக்குள் சுற்றும் கேட் (CAT) பஸ்ஸும் இலவசம். மலை ரயிலுக்கு டிக்கெட் எடுக்கணும், வெளிநாட்டவருக்கு விலை இன்னும் கூட.

வெயில்: இதில் ஜெயிப்பது மலைதான். 1923-இல் ஓடத் தொடங்கிய ரயில் கொஞ்ச நேரத்தில் மேலே சேர்த்துவிடும், குளுகுளு காற்று, கீழே நகரமும் நீரிணையும் விரியும், ஆனால் மேகம் மூடினால் ஒன்றும் தெரியாது. விடுமுறை நாளில் வரிசையும் நீளம்.

பார்க்க: ஜார்ஜ் டவுனின் குவீன் சாலையில் 1833-இல் கட்டிய மாரியம்மன் கோயில், பக்கத்திலேயே கப்பித்தான் கெலிங் மசூதி, அப்புறம் கடலுக்கு மேல் மரத்தூண்களில் நிற்கும் சியூ ஜெட்டி வீடுகள்; நடுவில் லிட்டில் இந்தியாவில் வாழை இலைச் சாப்பாடு, சுடச்சுட தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் டீ). மளிகைக் கடையில் பருப்பு, புளி, மிளகாய்த்தூள், ஊறுகாய் என்று படகுக்கு வேண்டியதையும் கட்டி வாங்கிவிடலாம்.

முதல் தடவை வருகிறீர்களா, படகில் சாமான் தீர்ந்துவிட்டதா, ஜார்ஜ் டவுன்தான். நகரம் ஏற்கனவே பார்த்தாச்சு, வெயிலில் வாடிப்போயிருக்கிறீர்கள் என்றால் காலையிலேயே மலைக்குக் கிளம்புங்கள்.