மெகாபிட்டா, மெகாபைட்டா?

இணைய நிறுவனங்கள் வேகத்தை மெகாபிட்டில் சொல்கின்றன. கோப்பு இறங்கும்போது கணினி பெரும்பாலும் மெகாபைட்டில் காட்டுகிறது. ஒரு பைட்டுக்கு 8 பிட். ஆக, 100 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு 12.5 மெகாபைட்தான் உச்சம். வேகம் குறைகிறது என்று புகார் செய்யுமுன் எட்டால் வகுத்துப் பாருங்கள்.

விண்டோஸ் ஒரு மெகாபைட்டை 1,000 × 1,000 பைட்டுக்குப் பதில் 1,024 × 1,024 பைட்டாக எண்ணுவதால், அதே 12.5 அங்கே சுமார் 11.9 ஆகத் தெரியும்.

எட்டால் வகுப்பதும் எல்லா இடத்திலும் சரிவராது. கணினிக்குள் சேமிப்பு வட்டை இணைக்கும் சாட்டா 3-இன் வேகம் நொடிக்கு 6 ஜிகாபிட், அதாவது 6,000 மெகாபிட். வகுத்தால் 750 மெகாபைட். ஆனால் ஒவ்வொரு 8 பிட் தரவும் 10 பிட்டாக மாறிப் பயணிப்பதால் 600-ஐத் தாண்டாது. அங்கே பத்தால் வகுக்க வேண்டும்.

திட்டங்களை ஒப்பிட மெகாபிட் போதும். காத்திருக்கும் நேரத்தைக் கணக்கிட நான் மெகாபைட்டையே நம்புவேன்: 1 ஜிகாபைட் கோப்பு, 12.5 வேகத்தில், 80 நொடி.