காற்றடிக்கிற மெஷினா, கார்னியா மேப்பா? கிராஸ்லிங்கிங்குக்கு அப்புறம் எதை நம்புவது

காசிமேட்டிலிருந்து ஒரு அம்மா, தண்டையார்பேட்டையில் நான் கண் பரிசோதகராக இருக்கும் கிளினிக்குக்கு மகனைக் கூட்டி வந்திருந்தார். பையனுக்கு 19 வயது. இரண்டு கண்ணிலும் கெரட்டோகோனஸ். கண்ணின் முன்பக்கத்தில் கண்ணாடி மாதிரி இருக்கும் கார்னியா மெலிந்து கூம்பாகத் துருத்தும் நோய். வலது கண்ணில், கார்னியாவை உறுதியாக்கும் கிராஸ்லிங்கிங் சிகிச்சை செய்து ஆறு மாதம் ஆகிறது. வேறோர் இடத்தில் எடுத்த ஓஆர்ஏ (காற்றடித்து கார்னியாவை அளக்கும் மெஷின்) ரிப்போர்ட்டை மேஜைமேல் வைத்து, "ஏம்மா, முன்னாடி இருந்த நம்பரேதான் இப்பவும் இருக்குதாம். அப்போ பண்ணதெல்லாம் வேஸ்ட்டா?" என்று கேட்டார். கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது. ஒரே ஒரு எண்ணைக் கையில் கொடுத்து, விளக்கம் சொல்லாமல் அனுப்பியதால் வந்த பயம் அது.

கிராஸ்லிங்கிங்கின் டிரெஸ்டன் முறையில் கார்னியாவின் மேல்தோலை நீக்கி, ரிபோஃப்ளேவின் சொட்டு விட்டு ஊறவைத்து, 370 நானோமீட்டர் புற ஊதாக் கதிரை 30 நிமிடம் காட்டுவார்கள். கொலாஜன் இழைகளுக்கு நடுவே புதுப் பிணைப்புகள் விழும். இறந்தவர்களின் கார்னியாவில் இதைச் செய்து, பட்டையாக வெட்டி இழுத்துப் பார்த்ததில் விறைப்பு சுமார் 4.5 மடங்கு கூடியதாக 2003-இல் வோலன்சாக் குழு எழுதியது. உயிருள்ள கண்ணை வெட்டி இழுத்துப் பார்க்க முடியாதே. அதனால்தான் இத்தனை மெஷின்கள்.

முதலில் ஓஆர்ஏ. கண்மேல் காற்றை ஊதும். கார்னியா உள்ளே போகிறபோது ஒரு தடவை, வெளியே திரும்புகிறபோது ஒரு தடவை தட்டையாகும். அந்த இரண்டு நேரத்து அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் ஹிஸ்டிரிசிஸ். நல்ல கண்ணில் 10, 11 மி.மீ. பாதரசம் வரும், கெரட்டோகோனஸில் 8-ஐ ஒட்டி இருக்கும். ஆனால் இந்த எண் காட்டுவது, வாங்கிய அடியின் சக்தியைக் கார்னியா எவ்வளவு உள்வாங்கிக்கொள்கிறது என்பதை. பைக் ஷாக் அப்சார்பர் மாதிரி. விறைப்பு கூடினால் இரண்டு அழுத்தமும் சேர்ந்தே ஏறலாம், கழித்துப் பார்த்தால் பழைய எண்ணே வரும். பல ஆய்வுகளில் சிகிச்சைக்குப் பிறகு இது பெரிதாக மாறவே இல்லை. அந்த அம்மாவிடம் இதைச் சொன்னபோதுதான் மூச்சு விட்டார்.

காற்றடிக்கிற இன்னொரு மெஷினான கார்விஸ் எஸ்டி இதைவிட எவ்வளவோ மேல். ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு காற்று. நொடிக்கு 4,330 படம் எடுக்கிற கேமரா, கார்னியா குழிந்து எழுவதை 8.5 மி.மீ. அகலத்துக்குப் பிடிக்கிறது. எவ்வளவு குழிகிறது, நடுவுக்கும் ஓரத்துக்கும் என்ன விகிதம் என்றெல்லாம் தெரியும். விறைப்பு கூடியதை இதில் ஓரளவு பிடிக்கலாம்.

இதிலும் கவனம் வேண்டும். காசிமேட்டில் வலையை இழுத்துக் கட்டி நடுவில் கையை வைத்து அழுத்திப் பாருங்கள். எவ்வளவு தொய்கிறது என்பது நூலின் உறுதியை மட்டுமா பொறுத்தது? எவ்வளவு இறுக்கிக் கட்டினோம், நூல் எவ்வளவு தடிமன், இரண்டும் அதில் சேரும். கண்ணில் அந்த இறுக்கம் கண் அழுத்தம். தடிமன் கார்னியாவின் தடிமன். கிராஸ்லிங்கிங் முடிந்த முதல் சில மாதங்களில் கார்னியா மெலிந்து காட்டும், எண்ணும் அதோடு ஆடும். இந்த இரண்டின் பாதிப்பையும் கழித்துப் பார்க்க எஸ்எஸ்ஐ என்ற அளவு வந்திருக்கிறது. சிபிஐ என்ற குறியீடு வேறு. அது நோய் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க உருவானது. சிகிச்சைக்கு அப்புறமும் அது சிவப்பிலேயே நின்றால் பதற வேண்டாம்.

இன்னொன்று, வலை எந்த இடத்தில் நைந்திருக்கிறது என்று இப்படி அழுத்திச் சொல்ல முடியாது. கெரட்டோகோனஸில் பலவீனம் கூம்பு இருக்கும் இடத்தில்தான் அதிகம். அதைப் புள்ளி புள்ளியாக, ஆழம் ஆழமாகப் பார்ப்பது பிரில்லுவான் மைக்ராஸ்கோப். கண்ணைத் தொடாமல் லேசர் ஒளியை அனுப்பி, சிதறித் திரும்பும் ஒளியின் அதிர்வெண் எவ்வளவு நகர்ந்தது என்று அளந்து, அதிலிருந்து விறைப்பைக் கணிக்கிறது. திசுவில் உள்ள நீரும் அந்த அளவில் கலக்கும். எனக்கு இதன்மேல்தான் பெரிய நம்பிக்கை. ஆனால் நம் பக்கத்துக் கிளினிக்குகளில் கிடைக்கிற சாமான் இல்லை.

சரி, கையில் காசு ஒரே டெஸ்டுக்குத்தான் இருக்கிறது என்றால்? பென்டாகேம் மாதிரி மெஷினில் கார்னியா மேப் எடுங்கள் என்பேன். அது உருவத்தைத்தான் அளக்கிறது, உறுதியை அளப்பதில்லை. இருந்தாலும் நோய் நின்றதா என்ற கேள்விக்கு நேர் பதில் அதில்தான். உச்ச வளைவான கே-மேக்ஸ் முதல் மூன்று மாதத்தில் கொஞ்சம் ஏறக்கூட செய்யும். ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து வரும் மேப்பைத்தான் பழையதோடு வைத்துப் பார்க்க வேண்டும். அதே மெஷினில் எடுத்ததாக இருக்கட்டும்.

அந்த அம்மா பிளாஸ்டிக் பையைத் துழாவி, ஆபரேஷனுக்கு முன் எடுத்த மேப்பை வெளியே எடுத்தார். நாலாக மடித்திருந்தது. அதே மாடல் மெஷினில் அன்று எடுத்த மேப்பைப் பக்கத்தில் வைத்தேன். கே-மேக்ஸ் ஏறவில்லை. பையன் அதைப் பார்த்துக்கொண்டே இடது கண்ணைக் கசக்கினான். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரித் தூசியில் தினமும் பைக்கில் போகிறவன். கையைப் பிடித்து இறக்கிவிட்டேன். கண்ணைக் கசக்குவது இந்த நோயை மோசமாக்கும். இடது கண்ணுக்கு அடுத்த மாதம் கிராஸ்லிங்கிங். அப்புறம் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக, அதற்கு முன்னாலேயே கார்விஸ் எடுத்துவிடச் சொல்லி, சீட்டில் எழுதி அம்மா கையில் கொடுத்தேன்.