1939-ஆம் வருஷத்து ரூபாய் என்று நீட்டினால் கடைசி 9-ஐப் பாருங்கள்

திருவிதாங்கூர் காசும் பிரிட்டிஷ் இந்தியக் காசும் சேர்க்கிற நம் குமரி மாவட்டத்து ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். போன மாதம் நாகர்கோவிலில் ஒரு கல்யாண மண்டபத்தில் இரண்டு நாள் நாணயக் கண்காட்சி நடந்தது. அங்கே 34,000 ரூபாய் ரொக்கமும், என் ஆச்சி விட்டுப்போன காசுகளும் என் கையை விட்டுப் போயின. பதிலுக்கு வந்தது வருஷம் திருத்திய ஒரு நாணயம். விற்றவர் வெளியூர் டீலர். அவர் பெயரை எழுதப் போவதில்லை. அவர் எப்படிப் பேசினார், நான் எதைப் பார்க்காமல் விட்டேன் என்பதுதான் உங்களுக்குப் பயன்படும்.

முதலில் அந்த நாணயத்தைப் பற்றி. ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட வெள்ளி ரூபாய் 1938-இலும் 1939-இலும் பம்பாய் நாணயச் சாலையில் அடிக்கப்பட்டது. எடை 11.66 கிராம், நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. அதற்குள் உலகப்போர் வந்துவிட்டது. 1940 முதல் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். 1947-இல் வந்த ரூபாயில் வெள்ளியே கிடையாது, முழுக்க நிக்கல். ஆக, பழைய தரமான வெள்ளியில் வந்த கடைசி வருஷம் 1939. அந்த வருஷத்து ரூபாய் வெளியே வந்தது மிகக் குறைவு. பெரும்பகுதி உருக்கப்பட்டதாகச் சொல்வார்கள். 1938 ரூபாய் எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் கிடைக்கும். 1939 அப்படியில்லை. இரண்டுக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் நாணயத்தில் இருக்கிற வித்தியாசம் ஒரே ஒரு இலக்கம்தான். ஏமாற்று அந்த ஒரு இலக்கத்தில்தான் நடக்கிறது.

நான் பதினோரு வருஷமாகக் காசு சேர்க்கிறேன். ஆறாம் ஜார்ஜ் வரிசையில் அந்த ஒன்று மட்டும்தான் இல்லை. ஆல்பத்தில் அந்த இடம் காலியாகவே கிடந்தது. அன்று காலையில் கண்காட்சிக்குள் நுழைந்ததும் முதல் தப்பைச் செய்தேன். மேசை மேசையாகப் போய், "1939 இருக்கா?" என்று கேட்டேன். எனக்கு என்ன வேண்டும், எவ்வளவு ஆசை என்பது மண்டபம் முழுக்கத் தெரிந்துவிட்டது. நாலாவது மேசையில் இருந்தவர் உடனே எதுவும் சொல்லவில்லை. "அப்புறம் வாங்க சார், கூட்டம் குறையட்டும்" என்றார். மத்தியானம் போனபோது பைக்குள் இருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பியை எடுத்தார். அது மேசையில் விரித்த சரக்கில் இல்லை, தனியாக எடுத்து வைத்தது. அதைப் பார்த்ததும் எனக்கு மனசு அடித்துக்கொண்டது.

நான் கவனமில்லாமல் வாங்கினேன் என்று நினைக்க வேண்டாம். சட்டைப் பையில் சின்ன டிஜிட்டல் தராசு வைத்திருந்தேன். போட்டுப் பார்த்தேன், 11.6 சொச்சம் காட்டியது. காந்தம் வைத்தேன், ஒட்டவில்லை. விரல் நுனியில் வைத்துத் தட்டினேன், வெள்ளியின் சத்தம் கணீரென்று வந்தது. விளிம்பில் வார்ப்புக் கோடு இல்லை. எல்லாம் சரி. சரியாக இருந்ததால்தான் ஏமாந்தேன். ஏனென்றால் அது போலி நாணயம் இல்லை, அரசு நாணயச் சாலையில் அடித்த அசல் வெள்ளி ரூபாய்தான். வருஷத்தில் மட்டும் கை வைத்திருந்தார்கள். எடையும் காந்தமும் சத்தமும் உலோகத்தைச் சொல்லும், வருஷத்தைச் சொல்லாது.

லென்ஸை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தேன். அவரே ஒரு லென்ஸ் தந்தார், கீறல் விழுந்தது. "கிரீடத்தைப் பாருங்க சார், கல்லு கல்லா தெரியுதா? காதைப் பாருங்க, தேய்மானமே இல்லை" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் காட்டிய இடத்தையே பார்த்தேன். ராஜா தலைப் பக்கத்தில் மூன்று நிமிஷம் போயிருக்கும். திருப்பிப் பார்த்தது சில விநாடிதான். மண்டபத்தில் மஞ்சள் வெளிச்சம் வேறு. "ரொம்ப நேரம் கையில வைக்காதீங்க, டோன் போயிடும்" என்று வாங்கி டப்பிக்குள் வைத்துவிட்டார். பழைய வெள்ளியின் மேல் படிந்த நிறத்தைத்தான் டோன் என்பார்கள். விளிம்பைப் பிடித்துப் பார்த்தால் அது எங்கும் போகாது. பார்க்க விடாத டீலரிடம் வாங்கக் கூடாது என்று இப்போது சொல்கிறேன். அன்றைக்கு அவர் சொன்னது எனக்கு அக்கறையாகத் தெரிந்தது.

அப்புறம் பேரம். அவர் சொன்னது 75,000. நான் 30,000 கேட்டேன். சிரித்துவிட்டு டப்பியைப் பைக்குள் வைத்தார். "அண்ணாச்சி, கடைசி விலை சொல்லுங்க" என்றேன். 60,000 ஆனது, 52,000 ஆனது. நடுவில் அவருக்கு ஒரு போன் வந்தது. "இல்லை, இங்க ஒரு சார் பார்த்துட்டிருக்கார், அவர் விட்டா உங்களுக்குத்தான்" என்று எனக்குக் கேட்கும்படி பேசினார். 45,000-இல் முடிந்தது. 75,000 சொன்ன பொருளை 45,000-க்கு இறக்கிவிட்டேன் என்று அந்த நேரத்தில் அவ்வளவு சந்தோஷப்பட்டேன். இதை நான் பல நாள் யோசித்தேன். ஒரு மணி நேரம் நாங்கள் இருவரும் விலையைப் பற்றியே பேசினோம். பேரம் தொடங்கிய பிறகு அந்த நாணயம் அசல்தானா என்ற கேள்வி என் மனதில் ஒரு தடவைகூட வரவில்லை. அவர் 30,000 விட்டுக்கொடுத்தார் என்றால், விட்டுக்கொடுப்பதில் அவருக்கு நஷ்டம் எதுவும் இல்லை. 1938 ரூபாய்க்கு அவர் கொடுத்த விலைக்கு மேல் எது வந்தாலும் லாபம்தானே. உண்மையான 1939 கையில் இருக்கிற டீலர் ஒரு மத்தியானத்தில் அப்படி இறங்கமாட்டார் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

பணம் அவ்வளவு கையில் இல்லை. "எக்ஸ்சேஞ்சுக்கு ஏதாவது இருக்கா சார்?" என்றார். இருந்தது.

அது ஆச்சியின் தகர டப்பா. சித்திரைத் திருநாள் மகாராஜா காலத்து அரை ரூபாய் 14, வெள்ளிச் சக்கரம் 40. மற்றவர்களிடம் காட்டலாம் என்று கொண்டுபோயிருந்தேன், விற்க இல்லை. நம் மாவட்டம் 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்ததால் பழைய வீடுகளில் இந்தக் காசு இன்னும் அங்கங்கே கிடக்கிறது. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். அதாவது ரூபாய்க்கு 28 சக்கரம். வெள்ளிச் சக்கரம் மிளகு அளவுக்குத்தான் இருக்கும், விரல் இடுக்கில் நழுவிவிடும். அதை எண்ணுவதற்கென்றே மரப்பலகையில் வரிசை வரிசையாகக் குழி தோண்டி வைத்திருப்பார்கள். ஒரு கை சக்கரத்தை அள்ளிப் போட்டுப் பலகையை அசைத்தால் குழிக்கு ஒன்றாகப் போய் உட்காரும். குழி நிறைந்தால் கணக்கு முடிந்தது. அந்தச் சத்தத்தை ஆச்சி வாயால் செய்து காட்டுவாள். அரை ரூபாயில் கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள வருஷம்தான் போட்டிருக்கும். 1112 என்று இருந்தால் அது 1936-37. தெரியாதவர்கள் தொள்ளாயிரம் வருஷப் பழசு என்று நினைத்துக்கொள்வார்கள்.

அந்த டப்பாவை அவர் திறந்து பார்த்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒவ்வொன்றையும் தன் லென்ஸில் பார்த்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். அவசரமே படவில்லை. பார்த்து முடித்துவிட்டு, "இதெல்லாம் இந்த ஊர்ல வீட்டுக்கு வீடு கிடைக்கும் சார். வெள்ளி விலைக்குத்தான் எடுக்க முடியும்" என்று மொத்தமாகத் தராசில் கொட்டினார். ஒரு அரை ரூபாயை மட்டும் தனியே எடுத்தார். அதன் மேல் விளிம்பில், மாலையில் கோக்க வளையம் பற்றவைத்த தழும்பு இருந்தது. ஆச்சி சின்ன வயசில் கழுத்தில் போட்டிருந்தது அது. "இது உருக்கத்தான் ஆகும்" என்று விலையில் இன்னும் கொஞ்சம் குறைத்தார். எல்லாம் சேர்த்து 9,000 என்றார். மீதி 36,000. "ஜிபே வேண்டாம், ரொக்கமா கொடுத்தா 2,000 குறைச்சுக்கறேன்" என்றார். வடசேரி வரை போய் ஏ.டி.எம்.மில் எடுத்து வந்து கொடுத்தேன்.

தன் சரக்கைச் சேகரிப்பாளர் விலையில் விற்றார், என் சரக்கை வெள்ளி எடைக்கு வாங்கினார். ஒரே மேசையில், ஒரே பேரத்துக்குள் இரண்டு கணக்கு. மறுநாள் காலையில் அதே மேசையில் ஆச்சியின் அரை ரூபாய்கள் ஒவ்வொன்றும் தனித்தனி அட்டைக்குள் இருந்தன, ஒன்றுக்கு 2,200 என்று எழுதி. நான் கொடுத்தது ஒன்று சுமார் 600-க்கு. எக்ஸ்சேஞ்ச் செய்வதென்றால் இரண்டையும் பிரித்துவிடுங்கள். முதலில் உங்கள் காசுக்கு வேறு இரண்டு மேசையில் விலை கேளுங்கள். அதை விற்றுப் பணம் கைக்கு வந்த பிறகு வாங்குகிற பேச்சை எடுங்கள். இரண்டையும் கலந்தால் எதில் எவ்வளவு போனது என்று யாருக்கும் தெரியாது.

அன்று சாயங்காலமே குழித்துறையில் இருக்கிற ஒரு பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். எங்கள் எல்லாருக்கும் காசு பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர். ராஜா பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை. நேரே திருப்பி, ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தார்.

"மக்கா, இதுல ஒம்பது எத்தன இருக்கு?"

"ரெண்டு மாமா."

"ரெண்டும் ஒண்ணு போல இருக்கா, பாத்துச் சொல்லு."

இல்லை. 1939-இல் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு 9 அதே நாணயத்திலேயே இருக்கிறது. பதினோரு வருஷத்தில் எனக்கு அது தோன்றவில்லை. முதல் 9-க்குத் தலை பெரிசு, வால் ஒடுங்கி வளைந்து இறங்கியது. கடைசி 9-க்குத் தலை சிறுத்து, கீழ்ப்பக்கம் அகலமாக வயிறு தள்ளி நின்றது. 8-இன் கீழ் வட்டத்தில் இடது பக்கத்தைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். சுரண்டிய இடத்தைச் சுற்றி நாணயத்தின் தளம் கொஞ்சம் பள்ளம், மற்ற இடத்தைவிட மினுமினுப்பு அதிகம். பத்து மடங்கு லென்ஸில் ஊசிக்கோடு மாதிரி கீறல்கள் ஒரே திசையில் ஓடுவது தெரிந்தது. ஒரு தடவை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் லென்ஸே வேண்டாம், வெறும் கண்ணுக்கே தெரிகிறது.

மறுநாள் மண்டபம் திறந்ததும் போனேன். "நான் கொடுத்த காயின் இது இல்லையே சார். நீங்க வேற எங்கேயாவது மாத்தியிருப்பீங்க" என்றார். குரலைக்கூட உயர்த்தவில்லை. பில்லை எடுத்துப் பார்த்தேன். ஒரு துண்டுச் சீட்டு. "பழைய வெள்ளி நாணயம் - 1" என்று எழுதியிருந்தது. வருஷம் இல்லை, தொகை இல்லை, கையெழுத்து இல்லை. ரொக்கமாகக் கொடுத்ததால் பணம் போன தடமும் இல்லை. ஏற்பாட்டாளர்களிடம் போனேன். மேசையை வாடகைக்கு விட்டதோடு தங்கள் வேலை முடிந்தது என்றார்கள். நுழைவுக் கட்டணம் வாங்கி, வாசலில் பேனர் கட்டி ஊரைக் கூப்பிட்டவர்கள் இப்படிச் சொல்வது நியாயமில்லை என்று அவர்கள் முகத்துக்கு நேராகவே சொன்னேன். டீலரின் முகவரியாவது கொடுங்கள் என்றேன். போன் நம்பர் கொடுத்தார்கள். அந்த நம்பர் இரண்டு நாள் அடித்தது, அப்புறம் அணைந்துவிட்டது.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டேன், பொறுமையாகக் கேட்டார்கள். நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, அங்கே போகலாம்தான். ஆனால் அங்கே வைக்க என்னிடம் இருப்பது அந்தத் துண்டுச் சீட்டு மட்டும். பெரிய விலைக்கு வாங்கும்போது பில்லில் நாணயத்தின் பெயர், வருஷம், எடை, கொடுத்த தொகை, "அசல் இல்லையென்றால் முழுப்பணம் திருப்பித் தரப்படும்" என்ற ஒரு வரி, டீலரின் கையெழுத்து எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். ஜிபேயில் அனுப்புங்கள், 2,000 போனால் போகட்டும். மேசையிலேயே, அவர் கண் முன்னால், நாணயத்தின் இரண்டு பக்கமும் போனில் படம் எடுங்கள். எழுதித் தரத் தயங்குகிறவரிடம் அந்தப் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளலாம்.

வேறு இரண்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த மண்டபத்திலேயே பார்த்தேன். கிழக்கிந்தியக் கம்பெனி என்ற பெயரும் 1616, 1717, 1818 என்று வருஷமும் போட்டு, ராமர், அனுமார், லட்சுமி படத்தோடு விற்கிற செம்புக் காசு எதுவும் கம்பெனி அடித்த காசு இல்லை. பூஜைக்காகவும் விற்பதற்காகவும் பின்னால் செய்தது. பள்ளிக்கூடப் பையன்கள் சேர்த்து வைத்த காசைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டு போனார்கள், வயிறு எரிந்தது. இன்னொன்று, வைஷ்ணோ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க்கு லட்சம் தருவதாக வரும் போன். ரிசர்வ் வங்கி தன் பெயரைச் சொல்லிப் பழைய நோட்டு, காசு வாங்குகிறவர்களை நம்பாதீர்கள் என்று 2021 ஆகஸ்டிலேயே அறிவித்துவிட்டது. முன்பணம் என்று ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம்.

திருவிதாங்கூர்க் காசில் கண் பழக வேண்டும் என்றால், ஒரு நாள் ஒதுக்கி நெடுமங்காடு கோயிக்கல் அரண்மனைக்குப் போய் வாருங்கள். அங்கே நாணயத்துக்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது. திருவனந்தபுரம் போய் அங்கிருந்து பஸ் பிடித்தால் போதும். அடுத்த வாரம் நான் என் மகளைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

கடைசியாக ஒரு உதவி. திருநெல்வேலியிலோ மதுரையிலோ திருவனந்தபுரத்திலோ கண்காட்சிக்குப் போகிறவர்கள், சித்திரைத் திருநாள் அரை ரூபாய் ஒன்று, அதில் இருக்கிற சங்குச் சின்னத்துக்கு நேர் மேலே விளிம்பில் பற்றவைத்த தழும்போடு கண்ணில் பட்டால் எனக்குச் சொல்லுங்கள். என்ன விலை சொன்னாலும் பேரம் பேசாமல் வாங்கிக்கொள்கிறேன்.