செங்கோட்டையா, பாபநாசமா?

ரெண்டு நாள் மலையடிவாரத்தில் தங்கலாம் என்று போன ஆனியில் பேச்சு வந்தபோது வீட்டில் ரெண்டு கட்சி. அம்மாவும் மைனியும் பாபநாசம், நானும் அண்ணனும் செங்கோட்டை. கடைசியில் செங்கோட்டையில் ரூம் போட்டோம், பாபநாசத்துக்கு ஒரு பகல் போய்வந்தோம். அதனால் என் பேச்சு ஒரு பக்கம் சாயத்தான் செய்யும்.

தண்ணீரில் பாபநாசத்தை அடிக்க முடியாது. குற்றாலத்தில் சீசன் பார்த்துத்தான் விழும். மேலே காரையாறு அணை இருப்பதால் அகத்தியர் அருவியில் கோடையிலும் குளிக்கலாம். கோயில் படித்துறையில் தாமிரபரணியில் முங்கி எழுந்த அம்மாவைக் கரையேற்றவே அரைமணி நேரம் ஆயிற்று.

சிக்கல் செக்போஸ்ட்தான். அருவி, சொரிமுத்து அய்யனார் கோயில், காரையாறு எல்லாமே அதைத் தாண்டித்தான். புலிகள் காப்பகம், கட்டுப்பாடு வேண்டியதுதான், ஆனால் நேரம் தவறினால் போச்சு. நாங்கள் அம்பாசமுத்திரத்தில் சாப்பிட்டுவிட்டு ஆடி அசைந்து போனோம், அய்யனாரைப் பார்க்காமலே திரும்பினோம். ஆடி அமாவாசைக் கூட்டத்தில் எப்படியோ, நான் அப்போது போனதில்லை.

செங்கோட்டையில் அந்தக் கெடுபிடி இல்லை. நினைத்த நேரத்தில் பஸ் ஏறலாம், குற்றாலம் பக்கத்திலேயே, மலையேறினால் ஆரியங்காவு, தென்மலை. 1904-ல் வந்த கொல்லம் மீட்டர்கேஜ் பாதையை 2010-ல் மூடி, அகலப்படுத்தி 2018-ல்தான் திறந்தார்கள். குகைக்குள் போவதற்கு ரயில் சரி, ஆனால் பதிமூணு கண் பாலத்தின் மேலேயே போகிறவனுக்குப் பாலம் எங்கே தெரியும்? போகும்போது ரயில், வரும்போது பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள், ரோட்டிலிருந்து பார்த்தால் கண் கண்ணாக நிற்கும்.

அப்புறம் ஊர்க்கதை. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை நம்மோடு இல்லை, மலையாளத்தோடு இருந்தது. ஊர் வாசல் வளைவில் திருவிதாங்கூர்ச் சங்கு இன்னும் இருக்கிறது. தென்காசிப் பாதையில் பிரானூரை இன்றைக்கும் ‘பார்டர்’ என்றுதான் சொல்கிறோம், எல்லை மலைக்கு மேலே போய் இத்தனை வருஷமாகியும். பரோட்டா தின்னப் போகிற பாதிப் பேருக்கு அது எந்த பார்டர் என்று தெரியாது, மைனிக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. 1911-ல் மணியாச்சியில் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனுக்கும் இதுதான் ஊர்.

அம்மாவை மட்டும் கூட்டிப் போவதென்றால் பாபநாசம்தான், விடியக் கருக்கலிலேயே கிளம்பிவிட வேண்டும்.