சம்பா அறுவடையும் என் லேப்டாப் ஜிபியு சூடும்: நாலு வருஷ அனுபவம்

மன்னார்குடி பக்கத்துல கிராமம் நமக்கு. கல்யாணம், காதுகுத்து, சடங்கு எல்லாம் வீடியோ எடுத்து வீட்லயே எடிட் பண்ணி குடுக்குறேன். அதுக்காக 2021 கடைசில என்விடியா கம்பெனியோட ஆர்டிஎக்ஸ் 3050 கிராபிக்ஸ் கார்டு (ஜிபியுன்னு சொல்றது இதத்தான்) போட்ட லேப்டாப் ஒன்னு வாங்குனேன், 4 ஜிபி கிராபிக்ஸ் மெமரி. இந்த கார்டை 35 வாட்லேந்து 80 வாட் வரைக்கும் எதுல வேணாலும் வெச்சுக்கலாம்னு என்விடியா லேப்டாப் கம்பெனிகளுக்கு விட்டுருக்கு, அதனால ஒரே பேர் போட்ட ரெண்டு மெஷின் ஒரே மாதிரி சூடாகாது, என்னோடது 60 வாட். அடுத்தவங்க ரீடிங்க பாத்து மனச கொழப்பிக்கிறதுக்கு முன்னாடி உங்க மெஷின் எத்தனை வாட்னு பாத்துக்குங்க.

வாங்குன நாள்லேந்து ஒரு பழக்கம் வெச்சுருக்கேன். ஆர்டர் எழுதுற டைரி ஓரத்துலயே அன்னைக்கி ரெண்டர் (எடிட் பண்ணத முழு வீடியோவா மாத்துற வேலை) ஓடுறப்ப ஜிபியு எத்தனை டிகிரி போச்சுன்னு பென்சில்ல எழுதிருவேன். முதல் வருஷம் பூரா 76, 78, நல்ல அக்னி நட்சத்திரத்துல 81, அவ்ளோதான். 2023 மாசி மாசம் பாத்தா 87ல போய் நிக்கிது, அதுக்கு மேல ஏறல, ஆனா கிளாக், அதாவது சிப்போட வேகம், 1600லேந்து 1100 மெகாஹெர்ட்ஸுக்கு விழுந்துருச்சு, அதாவது என் மெஷினுக்கு 87 தான் எல்லை, அதை தொட்டா தன்னைக் காப்பாத்திக்க அதுவே வேகத்த கொறச்சுக்கும். நாப்பது நிமிஷத்துல முடியுற ரெண்டர் ஒரு மணி பத்து நிமிஷம் ஆச்சு. ஃபேன் கத்துற சத்தத்துல அம்மா அடுப்படிலேந்து "தம்பி, மிக்ஸி ஓடுதா?"ன்னு கேட்டாங்க.

எல்லாரும் வெயில்னு தான் சொன்னாங்க. மாசில என்ன வெயில்? டைரிய பொரட்டி பாத்தேன், போன சித்திரைல கூட 81 தான், இப்ப பனி கூட முழுசா விடல, 87. ஏற ஆரம்பிச்சது தை ரெண்டாவது வாரம். அப்ப தான் வெளங்குச்சு. எங்க தெருமுனையில தான் நெல் கொள்முதல் நிலையம், சம்பா அறுப்பு ஆரம்பிச்சா டிராக்டர் டிராக்டரா நெல்லு வந்து கொட்டும், தூத்துற மெஷின் காலைலேந்து ராத்திரி வரைக்கும் ஓடும், சொணை அப்படியே மேகமா கெளம்பி வரும். என் எடிட்டிங் ரூம் ஜன்னல் அதைப் பாத்து தான் இருக்கு. மார்கழி முடிஞ்சு தை பொறந்தா தான் கல்யாண சீசனும், அதனால வருஷத்துலயே மெஷின் ரொம்ப வேலை பாக்குற மாசமும் ஊர்ல தூசி ரொம்ப பறக்குற மாசமும் ஒன்னா வந்து சேருது. டெல்டால யாரும் இதை யோசிச்சு லேப்டாப் வாங்குறதில்ல, நானும் யோசிக்கல.

வாரண்டி முடிஞ்சிருந்ததால தைரியமா அடிப்பக்கம் கழட்டுனேன். ஃபேன் றெக்கைல தூசி அவ்வளவா இல்ல, பாத்தா சுத்தமா தான் தெரியும், நிறைய பேரு இதோட மூடிருவாங்க. தூசி இருந்தது ஃபேனுக்கும், சூட்ட வெளிய விடுற அந்த மெல்லிசு மெல்லிசான செம்புத் தகடு வரிசைக்கும் நடுவுல. ஃபேன் மேல மூடுன தகட்ட எடுத்தா சாம்பல் கலர்ல கம்பளித்துணி மாதிரி ஒரு பட்டை, சுண்டுவிரல் அகலம், ரெண்டு மில்லிமீட்டர் தடிமன். ட்வீசர்ல ஒரு ஓரத்த புடிச்சு இழுத்தேன், கிழியாம முழுசா உரிஞ்சு வந்துச்சு. வெளிச்சத்துல வெச்சு பாத்தா உள்ள பொன் கலர்ல நெல்லு சொணை ஊசி ஊசியா பின்னிக்கிட்டு கெடக்குது. சாதா வீட்டுத்தூசியா இருந்தா ஊதுனா போயிரும், சொணைக்கு முள்ளு இருக்குறதால ஒன்னோட ஒன்னு கோத்துக்குது, எங்க ஊரு ஈரக்காத்துல அது இன்னும் இறுகிருது. ஃபேன் 5000 ஆர்பிஎம்ல சுத்துனாலும் காத்து வெளிய போக வழி இல்லைன்னா என்ன பண்ணும். பட்டைய எடுத்துட்டு அதே ரெண்டர் போட்டேன், 77. சிப்புக்கும் அதோட சூட்ட வாங்கிக்கிற உலோகத்துக்கும் (ஹீட்சிங்க்) நடுவுல தடவுற பேஸ்ட்ட தொடக்கூட இல்ல.

சுத்தம் பண்றவங்களுக்கு: முதல்ல பேட்டரி கனெக்டர கழட்டிருங்க. புளோயர் அடிக்கும்போது ஃபேன் றெக்கைய விரலாலயோ ஐஸ் குச்சியாலயோ புடிச்சுக்குங்க, காத்துக்கு அது தறிகெட்டு சுத்துனா பேரிங் போயிரும், மோட்டார் ஜெனரேட்டர் மாதிரி கரண்ட்ட போர்டுக்கு திருப்பி அனுப்பவும் வாய்ப்பு இருக்கு. எங்க கூட்டாளி ஒருத்தர் பஞ்சர் கடை கம்ப்ரசர்ல புடிச்சு அடிச்சாரு, ஒரு றெக்கை உடைஞ்சுச்சு, டேங்க்ல இருந்த தண்ணியும் சேந்து உள்ள போயிருச்சு. தயவுசெஞ்சு அத பண்ணாதீங்க. ஸ்க்ரூ ஒவ்வொன்னும் ஒரு நீளம் இருக்கும், பேப்பர்ல மெஷின் படம் போட்டு அந்தந்த எடத்துல குத்தி வெச்சுக்குங்க.

அடுத்த வருஷம் பேஸ்ட் மாத்தலாம்னு தஞ்சாவூர்ல ஒரு கடைல குடுத்தேன், அங்க தான் நொந்து போனேன். வாங்கிட்டு வந்து பாத்தா சுத்தம் பண்ணாத காலத்த விட மோசம். சூட்ட அளக்குற எச்டபிள்யூஇன்ஃபோ சாஃப்ட்வேர்ல ஜிபியு டெம்பரேச்சருக்கு கீழயே ஹாட்ஸ்பாட்னு ஒரு வரி இருக்கும், சிப்புல எந்த எடம் ரொம்ப சூடோ அதோட அளவு. ரெண்டுக்கும் வித்தியாசம் 10, 15 டிகிரி இருந்தா சாதாரணம், எனக்கு 28 காட்டுச்சு. அப்படின்னா ஹீட்சிங்க் சிப்பு மேல சமமா உக்காரலன்னு அர்த்தம். கழட்டி பாத்தா மெமரி சிப்புக்கு மேல வைக்கிற, சூட்ட ஹீட்சிங்குக்கு கடத்துற தெர்மல் பேட் 0.5 மில்லிமீட்டர் இருந்த எடத்துல 1.5 வெச்சுருக்காங்க, அது தூக்கிக்கிட்டு நிக்கிறதால நடுவுல ஜிபியு மேல பேஸ்ட் சரியா அமுங்கவே இல்ல. திரும்ப போய் கேட்டா "அண்ணே, தடிமனா இருந்தா தானே நல்லா கூலாகும்"ங்குறாரு. ஆயிரத்து இருநூறு ரூபாய் குடுத்து சூட்ட வாங்கிட்டு வந்தது இன்னும் மனசுல உறுத்துது. சரியான தடிமன்ல பேட் வரவழைச்சு நானே வெச்சேன், வித்தியாசம் 12க்கு வந்துச்சு. பேஸ்ட் மாத்த குடுக்குறவங்க கடைக்காரர்ட்ட கேக்க வேண்டிய முதல் கேள்வி என்ன பேஸ்ட்டுங்குறது கிடையாது, பேட் எத்தனை மில்லிமீட்டர்னு கேளுங்க.

ஃபேன் சும்மா இருக்கும்போதே கத்துதுன்னு நிறைய பேரு சொல்றாங்க. எனக்கும் இருந்துச்சு, அரை நிமிஷம் ஓடும், நிக்கும், திரும்ப ஓடும். ரெண்டு காரணம் கண்டுபுடிச்சேன். என் மெஷின்ல எச்டிஎம்ஐ நேரா என்விடியா கார்டுக்கு போகுது, வெளிய மானிட்டர் மாட்டியிருந்தா கார்டு தூங்கவே தூங்காது. இன்னொன்னு அந்த எச்டபிள்யூஇன்ஃபோவே தான், ரெண்டு செகண்டுக்கு ஒரு தடவை கார்ட்ட எழுப்பி ரீடிங் கேட்டுக்கிட்டே இருந்தா அது எப்ப தூங்கும். சூட்ட அளக்க வெச்ச சாஃப்ட்வேர் தான் சூடாக்கிட்டு இருந்துருக்கு. இப்பல்லாம் ரெண்டர் அன்னைக்கி மட்டும் திறப்பேன்.

கார்டோட வேகத்த, வோல்டேஜ மாத்துற எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் சாஃப்ட்வேர்ல ஃபேன் ஸ்லைடர் வேலை செய்யலன்னு கவலைப்படாதீங்க, பெரும்பாலான லேப்டாப்ல ஃபேனை போர்டுல இருக்குற தனி கன்ட்ரோலர் தான் ஓட்டும், கம்பெனியோட சொந்த சாஃப்ட்வேர் இல்லாம அதை தொட முடியாது. ஆனா அதே ஆஃப்டர்பர்னர்ல கன்ட்ரோல் எஃப் அழுத்துனா எந்த வேகத்துக்கு எவ்வளவு வோல்டேஜ்னு காட்டுற வோல்டேஜ் கர்வ் வரும், அதுல 1500 மெகாஹெர்ட்ஸ 775 மில்லிவோல்ட்ல நிறுத்தி வெச்சேன், அதுக்கு மேல கோட்ட தட்டையாக்கிட்டேன். எல்லா சிப்பும் இதே அளவ தாங்காது, கொஞ்சம் கொஞ்சமா எறக்கி ஒவ்வொரு தடவையும் ஒரு முழு ரெண்டர் ஓட்டி பாக்கணும். அதோட விண்டோஸ் பவர் ஆப்ஷன்ல மேக்சிமம் பிராசசர் ஸ்டேட்ட 99 ஆக்குனேன், பிராசசர் தானா வேகத்த ஏத்திக்கிற டர்போ நின்னுரும். ஜிபியுவுக்கு இது எதுக்குன்னா ரெண்டுக்கும் ஒரே செம்புக்குழாய் தான், அதுக்குள்ள இருக்குற துளி திரவம் சூட்டுல ஆவியாகி தகடு பக்கம் போய் ஆறி திரும்ப வரும், பிராசசர் கொதிச்சா ஜிபியுவும் சேந்து கொதிக்கும். ரெண்டும் சேத்து 8 டிகிரி கொறஞ்சுது, ரெண்டர் நேரம் நாலு நிமிஷம் கூடுச்சு. எனக்கு அது சம்மதம்.

கூலிங் பேட் வாங்குனேன், மூணு டிகிரி தான் கொறஞ்சுது. பின்பக்கத்த ஒரு மரக்கட்டை வெச்சு ரெண்டு இஞ்ச் தூக்குனாலே அதே மூணு டிகிரி கெடைக்கிது. பாய் மேல, போர்வை மேல வெச்சு ஓட்டுறது மட்டும் வேண்டவே வேண்டாம். கரண்ட் போனா ஃபேன் சட்டுனு அடங்குறது கோளாறு கெடையாது, பேட்டரில ஓடுறப்ப கார்டுக்கு குடுக்குற வாட்ட மெஷினே கொறச்சுரும்.

இப்ப வருஷத்துக்கு ரெண்டு தடவை திறக்குறேன், குறுவை அறுப்பு முடிஞ்சு ஐப்பசில ஒன்னு, சம்பா முடிஞ்சு மாசி கடைசில ஒன்னு. கொள்முதல் நடக்குற நாள்ல ஜன்னல்ல பழைய வேட்டிய நனைச்சு கட்டிருவேன், பட்டை இப்பல்லாம் பாதி தடிமன் கூட வர்றதில்ல. போன ஆவணில இடது ஃபேன் கர்ருனு பேரிங் சத்தம் போட ஆரம்பிச்சுச்சு, ஃபேன் மேல ஒட்டியிருந்த பார்ட் நம்பர பாத்து அதே நம்பர்ல ஜோடியா வரவழைச்சு ரெண்டையும் மாத்திட்டேன், பழசுல நல்லா இருந்த வலது ஃபேன கவர்ல போட்டு எடுத்து வெச்சுருக்கேன். நேத்து ஒரு கல்யாண ஆல்பம் வீடியோ, ரூம் 33 டிகிரி, ஜிபியு 71. டைரில எழுதியாச்சு.