அமைச்சரவை சார்ட்: படம் நல்லா இருக்கு, கட்சியைக் காணோம்

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கென்று விற்கிற மத்திய அமைச்சரவை சார்ட் ஒன்றை வாங்கி மேசைக்கு நேர் மேலே ஒட்டியிருக்கிறேன். 2024 ஜூன் 9 அன்று பதவியேற்ற 72 பேரும் படத்தோடு இருக்கிறார்கள். தாள் கெட்டி, எழுத்து பளிச். ஓரத்தில் அரசியலமைப்பின் 91வது திருத்தம், அமைச்சர்கள் எண்ணிக்கை மக்களவை பலத்தில் 15 சதவீதம், அதாவது 81 பேருக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு பெட்டி போட்டிருக்கிறார்கள், அது உருப்படியான வேலை.

சிக்கல் அதற்குக் கீழேதான். இணை அமைச்சர்கள் (Minister of State) வரிசைக்குத் தலைப்பு 'துணை அமைச்சர்கள்' (Deputy Minister)! இந்த அமைச்சரவையில் துணை அமைச்சர் என்று ஒருவர்கூடக் கிடையாது. பிரதமர், 30 கேபினட், தனிப்பொறுப்புள்ள இணை அமைச்சர்கள் 5, மற்ற இணை அமைச்சர்கள் 36, கூட்டினால் 72 வந்துவிடுகிறது. தேர்வில் இந்த ஒரு சொல்லில்தான் மார்க் போகும்.

அடுத்தது தனிப்பொறுப்பு. ஜெயந்த் சவுத்ரியைக் கல்வித் துறைப் பெட்டிக்குள் தர்மேந்திர பிரதானுக்குக் கீழே வைத்து முடித்துவிட்டார்கள். அங்கே அவர் இணை அமைச்சர்தான், சரி, ஆனால் திறன் மேம்பாட்டுத் துறையில் அவருக்கு மேலே கேபினட் அமைச்சர் யாரும் இல்லை, தனிப்பொறுப்பு என்பதற்கு அர்த்தமே அதுதானே. அந்தத் துறைக்குப் பெட்டியே போடவில்லை.

இதையெல்லாம் நாமே திருத்திக்கொள்ளலாம். எனக்குக் கடுப்பானது வேறு: யார் எந்தக் கட்சி என்று ஓரிடத்திலும் இல்லை. 240 இடத்தோடு நிற்கிற பாஜக, பெரும்பான்மைக்கு 32 குறைகிறதே என்று கூட்டணிக் கட்சிகளைச் சேர்த்து அமைத்த அரசு இது, அதற்குக் கட்சி போடாமல் சார்ட் எதற்கு? ஒரு ராத்திரி உட்கார்ந்து ஸ்கெட்ச் பேனாவால் கூட்டணிக்காரர்கள் படத்தில் மட்டும் பச்சைப் புள்ளி வைத்தேன். 11 புள்ளி. கேபினட்டில் 5, தனிப்பொறுப்பில் 2, இணையில் 4. உள்துறை, பாதுகாப்பு, நிதி, வெளியுறவு பக்கம் ஒரு புள்ளிகூட விழவில்லை. தெலுங்கு தேசத்தின் ராம்மோகன் நாயுடுவுக்கு விமானப் போக்குவரத்து, மதச்சார்பற்ற ஜனதா தளத்தின் குமாரசாமிக்கு கனரகத் தொழிலும் எஃகும். ஒரே ஒரு எம்பி உள்ள கட்சியிலிருந்து ஜிதன் ராம் மாஞ்சி கேபினட்டில் இருக்கிறார், 7 எம்பி உள்ள சிவசேனாவுக்கு ஆயுஷ் (ஆயுர்வேதம், யோகா, சித்தா போன்றவற்றுக்கான துறை) தனிப்பொறுப்போடு சரி. அஜித் பவாரின் தேசியவாத காங்கிரஸ் தனிப்பொறுப்பு வேண்டாம் என்று வெளியே நின்றுகொண்டது, தங்கள் பிரபுல் படேல் ஏற்கெனவே கேபினட்டில் இருந்தவர் என்பது அவர்கள் வாதம். 2004இல் மன்மோகன் சிங்கின் கூட்டணி அரசில் திமுக 3 கேபினட், 4 இணை வாங்கியதை இதோடு வைத்துப் பார்த்தால் பேரம் எப்படி மாறியிருக்கிறது என்று தெரியும்.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். அதில் ஒன்று தாளுக்கு. வாங்குவதானால் பச்சை ஸ்கெட்ச் பேனா ஒன்றும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள், வழவழப்புத் தாள், சாதாரணப் பேனா மை ஒட்டாது.